பின்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக்: பட்டறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில், பேராக் மாநிலத்துப் பீடோரில், பெரிய சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி, சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். சுற்றிலும் செம்பனை. பால்மரம் இப்போது அங்கொன்றும் இங்கொன்றும்தான். தோட்டத்துப் பையன்கள் பழைய புரோட்டோன் வீராவோ சாத்ரியாவோ வாங்கிய கையோடு இங்கே ஓட்டிவந்து முதலில் கேட்பது ரிம். அடுத்தது, "அண்ணே, பின்னாடி டிஸ்க் போட்டுரலாமா?" ஆளுக்கு ஆள் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன். புதியவர்களுக்கு ஒரு வரி: டிரம் என்பது சக்கரத்தோடு சுழலும் மூடிய உருளை, உள்ளே ஷூ என்ற வளைந்த கட்டைகள் விரிந்து அதைப் பிடிக்கும்; டிஸ்க் என்பது திறந்த வட்டத் தட்டு, காலிபர் என்ற கவ்வி பேட் என்ற கட்டைகளால் அதை இரண்டு பக்கமும் இறுக்கும். கீழே உள்ளதெல்லாம் முன்சக்கர இழுவை கொண்ட, ஏபிஎஸ் (ஓங்கி மிதித்தாலும் சக்கரத்தைப் பூட்டவிடாத கணினி அமைப்பு) இல்லாத பழைய கார்களை மனதில் வைத்து எழுதியது. ஏபிஎஸ் உள்ள காருக்குத் தனியாக ஒரு பதில் இருக்கிறது.

டிரம்மைக் கழற்றிவிட்டு டிஸ்க் போட்டால் காடி சீக்கிரம் நிற்குமா?

ஒரு தடவை அழுத்தி நிறுத்துவதற்கு என்றால், பெரும்பாலும் இல்லை. இதைச் சொன்னதும் பாதிப் பேருக்கு முகம் வாடிவிடும்.

பிரேக் சக்கரத்தைத்தான் நிறுத்துகிறது. காரை நிறுத்துவது டயர். உங்கள் டிரம் நல்ல நிலையில் இருந்து, ஓங்கி மிதித்தால் சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்ளும் என்றால், அதற்கு மேல் டிரம்மிடம் கேட்க ஒன்றுமில்லை. டிஸ்க்கும் அந்தச் சக்கரத்தைப் பூட்டத்தான் முடியும்.

இன்னொன்று, பிரேக் போட்டதும் காரின் மூக்கு கீழே குத்துவதைப் பார்த்திருப்பீர்கள். பாரம் முன்னால் சாய்கிறது, பின்சக்கரம் லேசாகிவிடுகிறது. நிறுத்தும் வேலையில் சுமார் 70 விழுக்காடோ அதற்கு மேலோ முன்சக்கரத்தின் தலையில்தான் விழும். மிச்சம் இருக்கும் கொஞ்ச வேலைக்காக நீங்கள் பெரிய செலவு செய்யப் போகிறீர்கள். அதே காசில் நல்ல டயர் நாலு, முன்னால் புது டிஸ்க், நல்ல பேட், புது பிரேக் எண்ணெய் போட்டால் வித்தியாசம் அன்றைக்கே காலில் தெரியும்.

டிரம் பழைய காலத்துச் சாமான்தானே?

இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. பிரான்சில் லூயி ரெனோ டிரம் பிரேக்கைக் கொண்டுவந்ததும், இங்கிலாந்தில் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கியதும் 1902இல்தான். டிஸ்க்கின் பெயர் எடுபட்டது 1953இல், ஜாகுவார் அதை மாட்டிக்கொண்டு லெ மான் பந்தயத்தில் ஜெயித்த பிறகு.

டிரம் செத்தும் போகவில்லை. பெரோடுவா மைவி காரின் பின்சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள், டிரம்தான். ஃபோக்ஸ்வேகன் தன் ஐடி.3 மின்சாரக் காருக்கும் பின்னால் டிரம்தான் போட்டது. மின்சாரக் காரில் மோட்டாரே பாதி பிரேக் வேலையைச் செய்துவிடுவதால், பின் டிஸ்க் வேலையில்லாமல் துருப்பிடித்துக் கிடக்கும். மூடிய டிரம்முக்கு அந்தத் தொல்லை குறைவு.

கேமரன் மலையிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும்போது கருகிய வாடை வருகிறது. பின் டிஸ்க் போட்டால் போய்விடுமா?

நியாயமான கேள்வி. சூடு என்று வரும்போது டிஸ்க்குக்கு உண்மையிலேயே ஒரு கை ஓங்கியிருக்கிறது.

தானா ராத்தா ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தாப்பா வரை கிட்டத்தட்ட 60 கிலோமீட்டர். ஆட்களோடு 1,200 கிலோ எடையுள்ள கார் அந்த உயரத்தை இழந்து கீழே வரும்போது வெளியாகும் சக்தி, 50 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். ஒட்டுக்கடைக்காரர் தேநீருக்குத் தண்ணீர் காய்ச்சும் பெரிய அண்டாவை நினைத்துக்கொள்ளுங்கள். காற்றும் டயரும் அதில் ஒரு பங்கை விழுங்கும். மிச்சத்தை எஞ்சின் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் வாங்க வேண்டும்.

டிரம் சூடானால் விரிந்து ஷூவை விட்டு விலகிப் போகும். மிதி கீழே இறங்கும். உள்ளே அடைபட்ட சூடு வெளியேறவும் நேரமாகும். டிஸ்க் சூட்டில் தடிக்கும்போது பேட் பக்கமாகத்தான் வரும், காற்றும் நேராகப் படும். ஆகவே நீண்ட இறக்கத்தில் டிஸ்க் நன்றாகத் தாங்கும்.

ஆனால் உங்களுக்கு வரும் வாடை பெரும்பாலும் முன்சக்கரத்து வாடை. கியரை 2க்கோ 3க்கோ இறக்கி எஞ்சினைப் பிடிக்க விடுங்கள். ஆட்டோ கியர் என்றால் டி-யிலேயே விட்டுவிட்டு மலை முழுக்கப் பிரேக்கில் கால் வைத்து வராதீர்கள். மிதித்தால் நன்றாக மிதித்து வேகத்தைக் குறையுங்கள், பிறகு காலை எடுத்து ஆறவிடுங்கள். இதற்குக் காசு செலவில்லை. அப்படி ஓட்டியும் வாடை வந்தால் காரைக் கொண்டு வாருங்கள், பார்ப்போம்.

அப்படியென்றால் யாருக்குத்தான் டிஸ்க் வேண்டும்?

எஞ்சினை மாற்றியவர்களுக்கு வேண்டும். 1.5 வீராவுக்குள் 1.8 எஞ்சினை இறக்கிவிட்டு, பிரேக்கை மட்டும் பழையபடி வைத்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. பந்தயத் தடத்தில் ஓட்டுபவர்கள், அடிக்கடி பாரத்தோடு மலையேறி இறங்குபவர்கள், இவர்களுக்கும் பிரயோசனம் உண்டு. டிரம்மும் ஷூவும் சிலிண்டரும் எல்லாமே போய்விட்டு, எப்படியும் மொத்தமாக மாற்ற வேண்டிய நிலையில் இருப்பவர்களும் யோசிக்கலாம்.

ரிம் இடுக்கில் பளபளவென்று தெரிய வேண்டும் என்பதற்காகக் கேட்பவர்களும் உண்டு. அதில் தப்பில்லை, உங்கள் கார், உங்கள் காசு. ஆனால் காரணத்தை நேராகச் சொல்லிவிடுங்கள்.

டிரம் சரியாகப் பிடிக்கவில்லை, அதனால்தானே மாற்றக் கேட்கிறேன்?

முதலில் டிரம்மைத் திறந்து பார்ப்போம். இப்படி வருபவர்களில் பலருக்குக் கோளாறு டிரம்மில் இல்லை, பராமரிப்பில்தான். ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைத் தானாகச் சரிசெய்யும் நட்சத்திரச் சக்கரம் துருப்பிடித்து இறுகியிருக்கும். கை பிரேக்கை இழுத்தால் எட்டு, ஒன்பது 'க்ளிக்' வரை மேலே போகும். அல்லது சக்கர சிலிண்டரின் ரப்பர் உறையை விரலால் விலக்கினால் எண்ணெய் கசிந்திருக்கும். எண்ணெய் பட்ட ஷூ எப்படிப் பிடிக்கும்?

சுத்தம் செய்து, ஷூ மாற்றி, அளவு வைத்துக் கொடுத்தால் பாதிப் பேர் டிஸ்க்கை மறந்துவிடுகிறார்கள். டிரம்மின் உட்பக்கம் எவ்வளவு தேயலாம் என்ற அளவு டிரம்மிலேயே பொறித்திருக்கும். அதைத் தாண்டியதைக் கடைச்சல் பிடித்து ஓட்டாதீர்கள், புதிது வாங்குங்கள்.

எந்தக் காடியிலிருந்து சாமான் எடுப்பது?

உங்கள் காரின் அண்ணன் தம்பியிடமிருந்து. 1993இல் வந்த வீரா, மிட்சுபிஷி லான்சரை அடிப்படையாக வைத்துச் செய்தது. அதே குடும்பத்தில் சாத்ரியா ஜிடிஐ, புத்ரா போன்றவை தொழிற்சாலையிலிருந்தே நாலு சக்கரத்துக்கும் டிஸ்க்கோடு வந்தவை. ஜப்பானிலிருந்து வரும் ஹாஃப்கட்டிலும் (பாதியாக வெட்டி இறக்கும் பழைய கார்) கிடைக்கும்.

வாங்கும்போது காலிபரையும் டிஸ்க்கையும் மட்டும் தூக்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். ஹப் (சக்கரம் ஏறும் நடுப்பகுதி), காலிபரைத் தாங்கும் பிராக்கெட், டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் தகரக் கவசம், கை பிரேக் கேபிள் இரண்டு பக்கமும், ரப்பர் ஹோஸ், பிரேக் அழுத்த வால்வு, முடிந்தால் மாஸ்டர் பம்ப்பும் (மிதித்தால் எண்ணெயைத் தள்ளுவது) பூஸ்டரும் (கால் பலத்தைப் பெருக்குவது), அத்தனையும் ஒரே காரிலிருந்து வர வேண்டும். சாமான் கடைத் தவுக்கே (முதலாளி) "வால்வு வேணாம்லா, அதே மாதிரிதான்" என்பார். வாங்குங்கள்.

ஹோஸ் விஷயத்தைப் பலர் மறப்பார்கள். டிரம்மில் சிலிண்டர் அசையாது, அதனால் இரும்புக் குழாய் நேராக அதில் போய் ஏறும். காலிபர் பேட் தேயத் தேய நகர்கிற சாமான்; அதற்கு வளையும் ஹோஸ் கட்டாயம். மாட்டியபின் காரைத் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டுப் பாருங்கள். ஹோஸ் விறைத்து இழுபடவும் கூடாது, டயரில் உரசவும் கூடாது.

பழைய டிஸ்க் என்றால் அதன் ஓரத்திலோ நடுவிலோ குறைந்தபட்சத் தடிப்பு எவ்வளவு என்று பொறித்திருக்கும். அளந்து பாருங்கள். பிறகு போல்ட் துளைகளின் வட்ட அளவு, அதாவது பிசிடி. 1.5 வீராவுக்கு 4x100. ஹாஃப்கட் ஹப் வேறு அளவாக இருந்தால் முன்னால் ஒரு ரிம், பின்னால் ஒரு ரிம் என்று அலைய வேண்டியதுதான்.

முன் காலிபரையே இன்னொரு ஜோடி வாங்கிப் பின்னால் மாட்டினால் என்ன?

வேண்டாம். காரணத்தைக் கணக்காகவே காட்டுகிறேன்.

டிரம்மில் ஒரு தந்திரம் இருக்கிறது. சுழலும் டிரம், முன்பக்கத்து ஷூவைத் தன்னோடு இழுத்து இன்னும் இறுக்கிக்கொள்ளும். அதனால் 19 மில்லிமீட்டர் விட்டமுள்ள சின்ன சிலிண்டரே போதும். டிஸ்க்குக்கு அந்தக் குணம் கிடையாது. பிடிப்பதெல்லாம் எண்ணெயின் அழுத்தம்தான். ஆகவே பின் காலிபரின் பிஸ்டன் பெரிதாக இருக்கும், 30 மில்லிமீட்டர் என்று வையுங்கள். பரப்பளவில் சிலிண்டரைப் போல இரண்டரை மடங்கு. இழந்த தந்திரத்தை அது ஈடுகட்டும்.

முன் காலிபரின் பிஸ்டன் 54 மில்லிமீட்டர் என்று வைத்தால், 30ஐப் போல மூன்று மடங்குக்கு மேல் பரப்பளவு. லேசாகிப்போன பின்சக்கரத்தை மூன்று மடங்கு பலத்தோடு பிடித்தால் அது உடனே பூட்டிக்கொள்ளும். பிறகு கார் உங்கள் பேச்சைக் கேட்காது. போதாததற்கு, முன் காலிபரில் கை பிரேக் மாட்ட இடமே இருக்காது.

அழுத்த வால்வு அவ்வளவு முக்கியமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

முன்சக்கரம் முதலில் பூட்டினால் கார் திரும்பாமல் நேராக இழுத்துக்கொண்டு போகும். பின்சக்கரம் முதலில் பூட்டினால் கார் சுழலும். அதனால்தான் ஓங்கி மிதிக்கும்போது பின்னால் போகும் அழுத்தத்தை மட்டுப்படுத்த ஒரு வால்வு வைத்திருக்கிறார்கள். அது உங்கள் டிரம்முக்கு என்று அளந்து வைத்தது.

பல வருடத்துக்கு முன்னால் என் சொந்த வீராவுக்குப் பின் டிஸ்க் மாட்டினேன். பழைய வால்வு அப்படியே. பின்னால் நல்ல பிடிப்புள்ள புது பேட். முன்னால் கண்ணாடி போல வழவழத்துப்போன பழைய பேட், அடுத்த சம்பளத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். வெயிலில் ஒரு வாரம் ஓட்டினேன், சொகுசாக இருந்தது. எட்டாம் நாள் சாயங்காலம் சுங்காய் பக்கம் மழை. முன்னால் போன மோட்டார் சைக்கிள் திடீரென்று தோட்டத்து வழியில் திரும்ப, ஓங்கி மிதித்தேன். பின்பக்கம் என்னை முந்திக்கொண்டு போனது. கார் நின்றபோது நான் வந்த வழியைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். எதிரே செம்பனைக் குலை லாரி எதுவும் வரவில்லை, அவ்வளவுதான் விஷயம். பிரேக் வேலை செய்து பிழைக்கிற ஆள் நான், வெட்கமாக இருந்தது. அன்று இரவே முன் பேட்டை மாற்றினேன். மறுநாள் டிஸ்க் காரின் வால்வைத் தேடிப் போனேன்.

திருகிச் சரிசெய்யும் வால்வு போடலாமே என்பார்கள். போடலாம், ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். முன்சக்கர இழுவைக் கார்கள் பலவற்றில் பிரேக் குழாய் குறுக்காக ஓடும்: முன் இடதும் பின் வலதும் ஒரு வழி, முன் வலதும் பின் இடதும் இன்னொரு வழி. ஒன்று கசிந்தாலும் மற்றது காரை நிறுத்தும். பின்னால் போகும் இரண்டு குழாயையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே வால்வை வைத்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். எங்கு கசிந்தாலும் இரண்டு வழியும் காலி. ஒவ்வொரு வழிக்கும் ஒரு வால்வு வேண்டும்.

கை பிரேக்?

இதில்தான் பலர் தோற்கிறார்கள். கார் நன்றாக நிற்கிறது, மேட்டில் நிறுத்தினால் உருள்கிறது.

இரண்டு வகை உண்டு. ஒன்று, டிஸ்க்கின் நடுத்தொப்பிக்குள் சின்ன டிரம் ஒன்று கை பிரேக்குக்கென்றே இருக்கும். மற்றது, கேபிள் நேராகக் காலிபரின் நெம்புகோலை இழுத்து, உள்ளே இருக்கும் திருகு பிஸ்டனைத் தள்ளும். இந்த இரண்டாம் வகையில் பேட் மாற்றும்போது பிஸ்டனைக் கிளாம்ப் வைத்து அழுத்தாதீர்கள். அது சுழற்றி உள்ளே அனுப்ப வேண்டிய பிஸ்டன்; அழுத்தினால் திருகு உடையும். உடைத்துவிட்டு "காலிபர் மட்டமான சாமான்" என்று வருபவர்கள் மாதத்துக்கு ஒருத்தராவது உண்டு.

டிரம் கேபிளையே வளைத்துக் கட்டி மாட்டும் வேலையையும் பார்த்திருக்கிறேன். நீளமும் பொருந்தாது, முனையும் பொருந்தாது. டிஸ்க் காரின் கேபிளையே வாங்குங்கள்.

இன்னொரு சங்கதி. மலையிறங்கி வந்து டிஸ்க் கொதிக்கக் கொதிக்க காரை நிறுத்தி, கை பிரேக்கை இழுத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிறீர்கள். டிஸ்க் ஆறும்போது சுருங்கும், பிடி தளரும். ஐந்து, பத்து நிமிடம் கழித்து கார் தானாக நகரும். கியரிலும் போட்டு வையுங்கள்.

மாட்டியாகிவிட்டது. மிதி பஞ்சு மாதிரி இருக்கிறதே?

காற்று. முதலில் காலிபரில் காற்று எடுக்கும் நிப்பிள் மேலே இருக்கிறதா என்று பாருங்கள். கீழே இருந்தால் இடது காலிபரை வலதிலும் வலதை இடதிலும் மாட்டியிருக்கிறீர்கள். காற்று மேலேதான் நிற்கும். கீழே உள்ள நிப்பிளைத் திறந்து நாள் முழுக்க மிதித்தாலும் வராது. சிரிக்காதீர்கள், அனுபவமுள்ள போமனும் (மெக்கானிக்) செய்யும் தப்பு இது.

காற்று இல்லாமலும் மிதி கொஞ்சம் ஆழமாகப் போகலாம். பெரிய பிஸ்டனுக்கு அதிக எண்ணெய் வேண்டும், பழைய மாஸ்டர் பம்ப் அதைத் தர அதிக தூரம் போகிறது. விட்டம் பெரிய பம்ப் போட்டால் மிதி குறையும், ஆனால் கால் பலம் கூடுதலாகக் கேட்கும். மிகப் பழைய கார்கள் சிலவற்றில் டிரம்முக்காக மாஸ்டர் பம்ப்பிலேயே மிச்ச அழுத்தம் பிடித்துவைக்கும் வால்வு இருக்கும். அதை விட்டுவைத்தால் பேட் எப்போதும் டிஸ்க்கைத் தேய்த்துக்கொண்டே இருக்கும்.

எந்த எண்ணெய்?

டாட் 4 போதும். புதிதில் 230 டிகிரியில் கொதிக்கும். ஈரம் குடித்தபின் 155 டிகிரிதான். டாட் 3க்கு இது 205, 140. நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள். டாட் 5 என்று எழுதியிருப்பது சிலிக்கான், மற்றவற்றோடு சேராது. டாட் 5.1 வேறு, அது சேரும்.

என் காடியில் ஏபிஎஸ் இருக்கிறது.

விட்டுவிடுங்கள். அந்தக் கணினி உங்கள் டிரம்மைத் தெரிந்துவைத்துக்கொண்டு அழுத்தத்தைப் பங்கு போடுகிறது. அதை ஏமாற்றும் வேலையை நான் எடுப்பதில்லை.

13 அங்குல ரிம்மோடு ஓட்டலாமா?

காலிபர் இடிக்க வாய்ப்பு அதிகம். 14 போட்டுக்கொள்ளுங்கள், வாங்கும் முன் கடையிலேயே மாட்டிச் சுற்றிப் பாருங்கள். ஹப் தடிப்பாக இருந்தால் சக்கரம் வெளியே தள்ளும். பின்னால் மூன்று பேர் உட்கார்ந்ததும் டயர் மட்கார்டில் உரசும்.

தோட்டத்துச் செம்மண் சாலையில் டிஸ்க் தாங்குமா?

தாங்கும், ஆனால் கத்தும். டிஸ்க்குக்கும் தகரக் கவசத்துக்கும் நடுவில் ஒரு சின்னக் கல் மாட்டினால் ஊரே திரும்பிப் பார்க்கும்படி கிறீச்சிடும். பயப்பட ஒன்றுமில்லை, கொஞ்சம் பின்னால் எடுத்தால் பெரும்பாலும் விழுந்துவிடும். சத்தம் எரிச்சலாக இருக்கிறது என்று கவசத்தைக் கழற்றி எறியாதீர்கள்.

வெள்ளத்தில் இறங்கி ஏறினால் டிஸ்க் இரண்டு மிதியில் காய்ந்துவிடும். டிரம்முக்குள் போன தண்ணீரும் சேறும் அவ்வளவு சீக்கிரம் வெளியே வராது. அங்கே டிஸ்க்குக்கு ஒரு மதிப்பெண். ஆனால் பெருநாளுக்கு மட்டும் எடுக்கும் கார் என்றால், காலிபர் நகரும் ஊசிகள் சேறும் துருவும் சேர்ந்து இறுகி, ஒரு பக்கத்து பேட் மட்டும் தேய்ந்துவிடும். வருடத்துக்கு ஒரு தடவை கழற்றி, அதற்குரிய கிரீஸ் வைக்க வேண்டும்.

நானே வீட்டில் செய்யலாமா?

கை வேலை தெரிந்தவர் என்றால் மாட்டலாம். ஆனால் ஓட்டும் முன் வேறு ஒரு போமனிடம் காட்டுங்கள். பழைய ஷூவில் அஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். டிரம்மைத் திறந்து காற்றுக் குழாயால் ஊதாதீர்கள், நனைத்துத் துடையுங்கள். ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே படுக்காதீர்கள்.

ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) பிடிக்குமா? காப்புறுதி?

தொழிற்சாலை அமைப்பை மாற்றுகிறீர்கள், அதனால் முதலிலேயே ஜேபிஜே அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் சொல்லிவிடுங்கள். விபத்துக்குப் பிறகு சொன்னால் கதை வேறு. காரை விற்கும்போது பெயர் மாற்றத்துக்குப் பரிசோதனை உண்டு. உருளை மேல் ஏற்றி, இடதும் வலதும் சமமாகப் பிடிக்கிறதா, கை பிரேக் பிடிக்கிறதா என்று பார்ப்பார்கள். அவசரத்தில் மாட்டிய வேலை அங்கே மாட்டிக்கொள்ளும்.

எவ்வளவு வெள்ளி ஆகும்?

ஹாஃப்கட் விலை நாளுக்கு நாள், தவுக்கேயின் முகத்துக்கு முகம் மாறும். எண் சொல்லிப் பிறகு திட்டு வாங்க எனக்கு ஆசையில்லை. செட் விலையை மட்டும் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். காலிபருக்குப் புது ரப்பர், பேட், பேரிங், ஹோஸ், எண்ணெய், கூலி, ஒருவேளை ரிம்மும் டயரும். செட்டுக்குக் கொடுத்த அளவு இன்னொரு முறை கொடுக்கத் தயாராக இருந்தால் ஆரம்பியுங்கள். பாதியில் காசு தீர்ந்து நிற்கும் கார் ஒன்று என் பட்டறைக்குப் பின்னால் இப்போதும் கல் மேல் நிற்கிறது.

எல்லாம் முடிந்தது. முதல் ஓட்டம் எப்படி?

காலி இடமாகப் பாருங்கள். பக்கத்தில் ஆள், மாடு, பிள்ளைகள் யாரும் வேண்டாம். முதலில் மெதுவாக ஓட்டி, மிதமாகப் பல தடவை மிதித்து பேட்டையும் டிஸ்க்கையும் ஒன்றுக்கொன்று பழக்குங்கள், நடுநடுவே ஆறவிடுங்கள். பிறகு ஒரு நண்பரைத் தள்ளி நிறுத்தி, 30, 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓங்கி மிதியுங்கள். எந்தச் சக்கரம் முதலில் பூட்டுகிறது என்று அவர் சொல்லட்டும். முன்சக்கரம் என்றால் சரி. தரை நனைந்திருக்கும்போது அதையே இன்னும் குறைந்த வேகத்தில் செய்யுங்கள். ஒரு தடவையாவது பின்சக்கரம் முந்திக்கொண்டால் காரை அங்கேயே நிறுத்திவிட்டு எனக்குப் போன் போடுங்கள், நான் லாரியோடு வருகிறேன்.